லிட்டருக்குப் பதினான்கு

விடியுமுன் டீசல் போட வேண்டுமாம்.
குளிர்ந்த எண்ணெய் கெட்டியாய் விழுமாம்.
நாங்குநேரி பங்கில் நாலரை மணிக்கு
கொட்டாவியோடு குழாயைப் பிடித்த பையனிடம் கேட்டேன்.
"டேங்கு பூமிக்கடியில கெடக்குக்கா,
அதுக்கு ஏது விடியலும் ராத்திரியும்" என்றான்.
மறுநாளும் நாலரைக்கே போனேன்.

இறக்கத்தில் நியூட்ரல்.
டயரில் நாலு பாயிண்ட் காற்று கூடுதல்.
வள்ளியூர்க் கடையில் தொள்ளாயிரம் ரூபாய்க்கு
டீசல் குழாயில் கட்டுகிற காந்தம்.
யார் எதைச் சொன்னாலும் செய்தேன்.
வண்டித் தவணை மாதம் பன்னிரண்டாயிரத்து நானூறு.

களக்காட்டில் வாழைத்தார் ஏற்றி
வடசேரியில் இறக்கிவிட்டு வருவான் ஆறுமுகநயினார்.
சித்திரையில் லிட்டருக்குப் பதினான்கு.
நோட்டில் இருக்கிறது, பச்சை மையில்.
ஆனியில் பதினொன்று.
ஆடி பிறந்து எட்டாம் நாள் பத்தரை.

தொள்ளாயிரம் ரூபாய்க் காந்தம் பொய் சொல்லாது,
மனுசன்தான் சொல்வான் என்று கணக்குப் போட்டேன்.
"ராத்திரி எந்த ஊர்ல உறிஞ்சி விக்கே?"

அவன் ஒன்றும் பேசவில்லை.
சாவியைத் தார்ப்பாய்மேல் வைத்தான்.
சட்டைப்பையிலிருந்து நாற்பது ரூபாய் எடுத்து
எண்ணி வைத்தான்.
முந்தின நாள் சுங்கச்சாவடி மிச்சம்.

அடுத்த லோடை நானே ஓட்டினேன்.
பணகுடி தாண்டியதும்
யாரோ முன்னால் நின்று
பம்பரில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது.
நாலாவது கியர் திணறி மூன்றுக்கு வந்தேன்.
எங்கிருந்தோ ஒரு சாக்கு பறந்து வந்து
கண்ணாடியில் அறைந்து ஒட்டிக்கொண்டது.
காவல்கிணற்றில் காற்றாலைகள்
சாமி வந்தது போல் ஆடிக்கொண்டிருந்தன.
ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வந்தது
எல்லார் கண்ணெதிரிலும்
என் டீசலைக் குடித்துக்கொண்டிருந்தது,
குழாய் போடாமல், வாய் வைக்காமல்.

தார் இறக்கிக் காலி வண்டியாய்த் திரும்புகையில்
முதுகைப் பிடித்துத் தள்ளிவிட்டதும் அதேதான்.
குடித்ததில் பாதியைக்கூடத் திருப்பித் தரவில்லை.

சிங்கிகுளத்தில் அவன் வீட்டெதிரே
எஞ்சினை அணைக்காமல் நின்றேன்.
அணைத்துவிட்டுக் கிளப்பினால்
சும்மா ஓடுவதைவிட அதிகம் குடிக்குமாம்.
இதுவும் எவனோ சொன்னதுதான்.
கால் மணி நேரம்.
உள்ளே டியூப்லைட் எரிந்தது.
அவன் பெண்டாட்டி மாடத்தி
ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.
நாற்பது ரூபாய் கைக்குள் நனைந்துவிட்டது.

சாவியைத் திருப்பினேன்.
அவ்வளவு நேரமும் வண்டி போட்ட சத்தம்
அணைந்த பிறகுதான் கேட்டது.

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான்.
என் முகத்தைப் பார்க்கவில்லை.
முன்டயரைக் காலால் ஒரு எத்து எத்தினான்.
"காத்து கூட வச்சா நடுவுல மட்டும் தேயும்னு
அன்னைக்கே சொன்னேம்லா" என்றான்.