நானூற்றுப் பதினேழு

சுப்பீரியர் ஏரியின் தென்கரை. செப்டம்பர்.
விடிய இன்னும் முக்கால் மணி.
நேற்று மாலை வைத்துவிட்டுப் போன
நூற்று இருபது அலுமினியப் பெட்டிகளில்
எது வாய் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது,
டார்ச் வெளிச்சம்தான் சொல்ல வேண்டும்.

ஒவ்வொன்றிலும் ஒரு பிடி ஓட்ஸ்,
ஒரு விரல் கடலை வெண்ணெய்,
குளிருக்கு ஓர் உருண்டை பஞ்சு.
எலி வளையானாலும் தனி வளை என்பார்கள்.
ஓர் இரவுக்கு நாங்கள் தருவது அது.
வாடகைக்கு
எடை, காது, வால்,
ஆணா பெண்ணா, சூலா இல்லையா.

நோரீன் டெனோமி பெட்டியைப்
பைக்குள் கவிழ்க்கிறாள்.
பொத்தென்று விழுகிறது
உள்ளங்கையளவு கோபம்.
"இருபத்தொன்று" என்கிறாள்.
பைக்கு நான்கைக் கழித்து
பதினேழு என்று எழுதுகிறேன்.
அவள் மொழியில் இதற்குப் பெயர்
வாவாபிகனூஜீன்.
எலியைவிடச் சொல் நீளம்,
வாலைச் சேர்த்து அளந்தாலும்.

காது பதினெட்டு மில்லிமீட்டரைத் தாண்டினால்
மான் எலி, இந்தக் காட்டின் பழைய குடி.
எட்டாவிட்டால் வெண்பாத எலி,
குளிர்காலம் குட்டையாகக் குட்டையாக
தெற்கிலிருந்து ஏறி வந்தது.
பதினேழரை என்றால்
நாங்கள் இருவரும் அளவுகோலை மாறி மாறிப் பார்ப்போம்.
எலி
எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்க்கும்.

காதில் அரிசி மணியளவு தகடு குத்தி
பிடித்த இடத்திலேயே விடுகிறோம்.
சில நின்று முகம் கழுவிக்கொண்டு போகும்.
பெரும்பாலானவை போனதே தெரியாது,
பெரணி இலை ஒன்று ஆடும், அவ்வளவுதான்.

உறைபனி இறங்கிய காலை,
ஏழாம் வரிசை, மூன்றாம் பெட்டி.
கவிழ்த்தேன். சத்தமில்லை.
சுருண்டு, மூக்கை வயிற்றில் புதைத்து,
பைன் காய் போல உருண்டது.
பஞ்சு வைக்க மறந்தவன் நான்.
படிவத்தில் இறப்புக்கு ஒரு கட்டம் உண்டு,
காரணத்துக்கு இன்னொன்று.
'குளிர்' என்று எழுதினேன்.
நோரீன் அடுத்த பெட்டியருகே இருந்தாள்.

மே மாதம், படகை இறக்கிக்கொண்டிருந்தபோது
விரிகுடாக் கரை வீட்டிலிருந்து
ஸைமா ஹார்ஜு வந்தாள்,
ஜாம் பாட்டில் மூடியைத்
தீபம் போல ஏந்திக்கொண்டு.
மூடிக்குள் ஒரு தகடு.
"பிப்ரவரியில், மாவு அலமாரிக்குக் கீழே,
பொறியில் விழுந்தது.
காதில் கம்மல் போட்ட எலியை
நான் எங்கே கண்டேன்?
உங்களுடையதா?
அபராதம் ஏதும் உண்டா?"

417.
தீவில் பிடித்தது. ஆகஸ்டில் மட்டும் ஒன்பது தடவை.
கடலை வெண்ணெய்க்காகவே வருகிறதென்று
எங்களுக்குள் ஒரு கேலி.
ஒன்பது தடவையும் அதே நான்கு மரங்களுக்குள்.
வீட்டை விட்டு நகராத சாது என்று
அறிக்கையில் சராசரி போட்டிருந்தோம்.

தீவுக்கும் அவள் சமையலறைக்கும் நடுவே
ஒன்றரைக் கிலோமீட்டர்.
எங்கள் வரைபடத்தில் அது நீலம்.
அது நடந்தபோது வெள்ளை.
மேலே ஆந்தை, கீழே விரிசல் விடும் பனிக்கட்டி,
ஒளிய ஒரு சருகு இல்லை.
பதினேழு கிராம்,
நாங்கள் ஊரில் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து
அதன் எண்களைக் கூட்டிக்கொண்டிருந்த ஏதோ ஓர் இரவில்.

ஏன் போனது என்று கேட்டாள் ஸைமா.
தெரியவில்லை என்றோம்.
"ஓட்ஸ் கஞ்சி எங்கள் வீட்டில் தினமும் உண்டு"
என்றாள், தனக்குத் தானே போல.
அபராதம் இல்லை என்றதும்
மூடியைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வரிசை எண், பெட்டி எண் கேட்கும் படிவத்தில்
'மாவு அலமாரி' என்று எழுதினாள் நோரீன்.
பேனாவை நான் வாங்கி
பழைய தாள்களைப் புரட்டினேன்.
ஏழாம் வரிசை, மூன்றாம் பெட்டி.
'குளிர்' என்பதை அடித்துவிட்டு
'பஞ்சு வைக்கவில்லை' என்று எழுதி
பக்கத்தில்
என் பெயரின் முதலெழுத்தைப் போட்டேன்.
அவள் பார்த்தாள்.
படகில் ஏறி
துடுப்பை என் பக்கம் நீட்டினாள்.