தன் முதுகு

ஐருன் செவிப்பறை கிழிந்து வீட்டில் கிடக்கிறாள்.
அதனால் படகில் யாருமில்லை,
நங்கூரக் கயிறும் ஒரு ஃபிளாஸ்க் காப்பியும் தவிர.
நார்வேக் கடல், ஃப்ரேயா தீவுக்கு மேற்கே,
பிப்ரவரி. நீர் மூன்று டிகிரி.
இருபத்துமூன்று மீட்டர் அடியில்
விசிறிச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தோன்று எடுத்தாயிற்று.
நாற்பத்திரண்டாவது
தன் நீலப் பொடிக்கண்கள் அத்தனையாலும்
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தபோது
வாயிலிருந்த கருவி உறைந்தது.

உறைந்தால் அடைத்துக்கொள்ளும் என்றுதானே நினைப்பீர்கள்.
இல்லை. திறந்துகொள்ளும்.
ஒரு மிடறு கேட்டவன் வாயில்
குழாயையே திணித்தாற்போல்
காற்று காற்று காற்று,
முகமெல்லாம் வெள்ளை இரைச்சல்.
காற்று மிகுந்தும் சாகலாம் என்பது
அப்போதுதான் உறைத்தது.

மானியில் முள் இறங்கியது.
நூற்று நாற்பது. நூற்றுப் பத்து.
கத்தினால் கேட்க ஒரு காட் மீன் இருந்தது.
அதுவும் திரும்பிப் போயிற்று.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள்.
என் உயிரோ முதுகில்தான் இருந்தது,
வலத்தோளுக்குப் பின்னால்
ஒரு கறுப்பு ரப்பர் திருகில்.

இடக்கையால் சிலிண்டரின் அடியைத் தூக்கினேன்,
உப்புமூட்டை ஏறிய பிள்ளை நழுவும்போது
ஓர் உந்து உந்துவோமே, அப்படி.
வலக்கை பின்னால் போயிற்று.
எட்டவில்லை.

ஐம்பத்திரண்டு வயதுத் தோள்.
உருளைக்கிழங்கு வேகும் நேரமெல்லாம்
சமையலறையில் கண்ணை மூடி நின்று
பழக்கிய தோள்.
ஓட்வார் கேட்பான்:
"முதுகு அரிக்குதா? சொறிஞ்சு விடட்டுமா?"
வேண்டாம் என்பேன்.
அந்த வேண்டாம்தான்
இரண்டாம் முறை எட்டியது.

வலப்பக்கம் திருகு.
கையுறைக்குள் விரல்கள் யாருடையவோ.
நாலு சுற்று. ஐந்து.
இரைச்சல் நின்றது.
கழுத்தில் தொங்கிய மாற்றுக் கருவியைத் தேடிக் கடித்தேன்.
ஒரு மூச்சு,
கஞ்சன் கொடுத்த கடன்போல.

அடுத்து செய்ததை எவரிடமும் சொல்லவில்லை:
நாற்பத்திரண்டாவதையும் எடுத்துக்கொண்டேன்.

ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம்
கயிற்றைப் பிடித்துத் தொங்கல்.
தலைக்கு மேல் படகின் வயிறு.
ஏறு, ஏறு என்றது உடம்பு.
நூற்றெண்பது வரை எண்ண வேண்டும்.
தொண்ணூறில் எண் தவறி
எண்பதிலிருந்து மறுபடி.

படகில் ஏறிப் படுத்தேன். எழுந்தேன்.
ஃபிளாஸ்க் மூடி திறக்கவில்லை.
பல்லாலும் முயன்றேன்.

கரையில் ஓட்வார் நின்றான்.
"இதைக் கொஞ்சம் திறந்து கொடு."
"ஏன் இப்படிக் கை நடுங்குது?"
குளிர் என்றேன்.
அவன் ஒரே திருகில் திறந்தான்.