ஒரு சொட்டு

லோஷினியின் மூச்சுக்குழலில்
நான்கு வளையம் வளரவே இல்லை.
தூக்கத்தில் விசிலடிப்பாள்.
பகாவ் சந்தை இரைச்சலிலும்
அது எனக்குக் கேட்கும்.

டாக்டர் ஹஸ்லினா தாளில் வரைந்தார்,
மூடாத வளையம், பிறைபோல.
"வளர்ச்சிக் காரணி. ஒரு சொட்டு வைத்தால்
குருத்தெலும்பு துளிர்க்கும்.
இப்போதைக்கு முயல்களில்தான்."

சொட்டு எனக்குத் தெரியும்.
கித்தா மரத்துப் பட்டையைச் சுரண்டி
மாதம் ஒருமுறை ஊக்கி பூசுகிறவன் நான்.
பால் பீறிடும், மங்கு வழியும்,
கிராணி சிரிப்பார்.
மூன்றாம் வருஷம் சில மரத்தில்
கத்தி வைத்தால்
ஈரமே இருக்காது.

மலாயில் கேட்டேன்:
எப்போது நிறுத்துவது என்று
அந்த மருந்துக்குத் தெரியுமா?

பேனாவை மூடினார்.
"அதைத்தான் தேடுகிறோம்."

பொய் சொல்லாததற்கு
நன்றி சொல்லத் தோன்றவில்லை அப்போது.
பஸ்ஸில், என் மடியில்,
விசில்.