ஒப்படைப்புப் படிவம்

பீல் நகரம், மாட்றெற்ச், மூன்றாம் மாடி.
வீட்டு நிர்வாகத்திலிருந்து வந்த திருமதி ஏபர்ஸோல்ட்
சப்பாத்துக்கு மேல் நீல உறை மாட்டிக்கொண்டு
சுவர் சுவராகப் போகிறார்.
"வரவேற்பறை, இடது பக்கம், ஆணித் துளை இரண்டு."
எழுதுகிறார்.
"யன்னல் விளிம்பில் பெயின்ற் உதிர்ந்திருக்கிறது."
எழுதுகிறார்.
நான் தமிழில் சொல்லச் சொல்ல
ஜெஸீமா தலையாட்டுகிறார்,
சொந்தக்காரரின் ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்பவர்போல.

படியேறும்போதே சொல்லியிருந்தார்:
இங்கே அகதி முகாமில் மூன்று வருடம், ஒரே அறை.
அதற்கு முன் புத்தளத்தில் கிடுகு,
பிறகு தகரம்,
பிறகு கல்வீடு. கூரை போட்ட வருடமே
யாரோ தீ வைத்தார்கள்.
மூச்சு வாங்க ஒரு படியில் நின்றார்.
அதற்கு முன்பு என்று நான் கேட்கவில்லை.

அடுப்படிக் கதவு.
"கைப்பிடிக்குக் கீழே கீறல்,
ஏழு சென்ரிமீற்றர்."
அளவுநாடா போட்டே அளந்தார்.
ஜெஸீமா சிரித்துவிட்டார்.
"ஒரு கீறலுக்கும் கணக்கா!
எங்கட ஊட்டுக்கு ஆரும் இப்பிடி எழுதித் தரல்லயே.
ரெண்டு மணித்தியாலம் தந்தாங்க. அவ்வளவுதான்.
எனக்கு அப்ப ஒம்பது வயசு."
எவ்விடம் என்றேன்.
"யாழ்ப்பாணம். சோனகத் தெரு. நீங்க?"
கிட்டத்தான் என்றேன்.

அந்த வருடம் மாரி முந்தி வந்தது.
கதவுகளை அடுக்கிக்கொண்டு ஒரு மாட்டுவண்டி
எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது.
பாதி கட்டிய அடுப்படிக்கு
அப்பா ஒன்றைப் பார்த்து எடுத்தார், முந்நூற்றைம்பது ரூபா.
பச்சைக் கதவு.
உள்பக்கம் பென்சில் கோடுகள், ஏணிபோல,
ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில்
எங்களுக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து.
மேல்கோடு என் தோளுக்கு வந்தது.
முதுகைச் சாத்தி அளந்தும் பார்த்தேன்.
"மலிவு" என்றார் அப்பா.
மண்ணிறம் இரண்டு தரம் பூசினார்.
அம்மா நாலு நாள் பின்பக்கத்தால் சுற்றிப் போனா.
பிறகு அதற்குள்ளால் போனா.
எல்லோரும் போனோம்.
இரவில் விளக்கைச் சரித்துப் பிடித்தால்
கோடுகள் தெரியும்.

ஐந்து வருடம் கழித்து, இன்னொரு மாரியில்,
அந்தக் கதவைச் சாத்தக்கூட நேரமில்லாமல்
நாங்களும் வெளிக்கிட்டோம்.
இன்று அது யார் வீட்டிலோ. விறகாயும் போயிருக்கும்.

"கடைசி விடயம்" என்றார் திருமதி ஏபர்ஸோல்ட்.
"பிள்ளை சுவரிலும் கதவிலும் எழுதக் கூடாது.
விளங்கினதா என்று கேளுங்கள்."
ஜெஸீமாவின் மகன் அஸ்ஃபர்
அடுப்படி வாசலில் நின்றான், பத்து வயதுக்குக் கொஞ்சம் கட்டை.

உடுப்புத் தோய்க்கிற அறை வியாழக்கிழமை உங்களுக்கு,
பத்து மணிக்குப் பிறகு சத்தம் கூடாது,
பல்கனியில் கரி அடுப்பு கூடாது,
எல்லாம் ஒன்றும் விடாமல் சொன்னேன்.
கதவில் பென்சிலால் என்றால் பரவாயில்லை என்றேன்.
அது அந்த மனுசி சொன்னதல்ல.
விளங்கிவிட்டது என்று ஜெர்மனில் சொன்னேன்.

கையெழுத்துகள் முடிந்தன.
என் கூலிச் சீட்டில் நேரம் என்ற கட்டம்:
சரியாக இரண்டு மணித்தியாலம்.
பேனை அங்கே நின்றுவிட்டது.
"கிட்ட எண்டா எவ்விடம்?"
பின்னாலிருந்து ஜெஸீமா கேட்டார், சாதாரணமாகத்தான்.

கீழே மர்சூக் கத்துகிறார்.
படிக்கட்டு வளைவில் மெத்தை சிக்கிக்கொண்டது.
இறங்கிப் போய்
ஒரு முனையைப் பிடித்தேன்.