பற்றரி இறங்கிய வேகம்

'உப்புத்துரு' என்று பெயர் வைத்தது ரொசைரோ.
பாலையூற்றில் அவன் வீட்டுக் கேற்றைத் தொட்டால்
கையில் ஒட்டிக்கொண்டு வருமே, அது.

திருக்கடலூரில் ஐஸ் அடிப்பதை நிறுத்தியிருந்த வாடி.
கடலுக்குப் போகப் பாஸ் இல்லை, மீன் இல்லை,
அறை எங்களுக்கு.
தக்கை வைத்த சுவர், சத்தம் வெளியே போகாது
என்றான் நிக்சன். போனது.
மூன்றாம் நாள் சென்றியிலிருந்து ஒருவன் வந்து
கதவடியில் நின்று கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு
எந்த மெஷின் பழுது என்றான்.
கொம்பிரசர் என்றோம்.
எங்களைப் பற்றி யாரும் சொன்னதில்
இன்றுவரை அதுதான் நியாயமான விமர்சனம்.

கிண்ணியாத் துறையடியில் றிஸ்மி
தோளில் ஏற்றிக் கொண்டுவந்த லொறி பற்றரி,
அசிட் சிந்தி சேர்ட்டில் மூன்று ஓட்டை.
அதிலேதான் ரொசைரோவின் அம்ப்ளிபயர்,
அதிலேதான் கசற் டெக்.
ஒரே மைக்கை ஐஸ் கொக்கியில் கட்டித் தொங்கவிட்டோம்.
என் பேஸ் கிற்றாரில் நாலாம் நரம்பு
சைக்கிள் பிரேக் கம்பி.
நிக்சனுடைய சிம்பல், டொக்யாட் குப்பையில் எடுத்த
ஏதோ கப்பலின் பித்தளை மூடி; அடித்தால்
அடித்தவன் பல்லும் கூசும்.

குகநேசனுக்குப் பாட்டு எழுத வராது.
சுவரில் தொங்கிய வாடிக் கணக்குக் கொப்பியை எடுத்தான்,
வள்ளங்களின் பெயர், கட்டி ஐஸ் எத்தனை, பாக்கி எவ்வளவு,
அப்படியே
தொண்டை கிழியக் கத்தினான்.
மேரி ஸ்டெல்லா பதினாலு.
கடலரசி ஒன்பது. பாக்கி.
பாக்கி. பாக்கி.
ரொசைரோ உள்ளங்கையால் நரம்பை அமத்தி
அந்தப் பாக்கியை வெட்டிக்கொண்டே போனான்.

ஆறுக்கு ஊரடங்கு.
நாலாவது பாட்டுக்கு மிஞ்சியிருந்தது பத்து நிமிடம்.
பற்றரி இறங்கத் தொடங்கியதை
ஒருவரும் கவனிக்கவில்லை.

மறுநாள் கரண்ட் வந்த நேரம் சலூனில் போட்டுப் பார்த்தோம்.
பதிகையில் மெல்லப் போன நாடா
இப்போது முழு வேகத்தில் ஓட,
பாட்டு போகப் போகப் பாய்ந்தது.
கிற்றார் குளவியாயிற்று.
நிக்சன் முகத்தில் பாதி சவர நுரையோடு
இது நான் இல்லை என்றான்.
பிறகு, ஆனால் விடு, நல்லாயிருக்கு.

முப்பது பிரதி. புதுக் கசற் வாங்கக் காசில்லை,
பழையதன் மேலேயே பதிந்தோம்;
சிலதில் நாங்கள் முடிய
ஒரு பாதிரியார் இருமிக்கொண்டு தொடங்குவார்.

பிரதியின் பிரதி, அதன் பிரதி.
மட்டக்களப்பில் எடுத்தார்கள். பதுளையில், வத்தளையில்.
அந்த வேகத்துக்குக் கை வரவேண்டுமென்று
மணிக்கட்டு வீங்க வீங்கப் பழகினார்கள்.
அரைச் சுருதி ஏற்றிக் கட்டினார்கள்.
'திருமலை அடி' என்றொரு பெயரும் வைத்தார்கள்,
திருமலையில் ஒருவரும் அடிக்காத அடிக்கு.

சண்டையெல்லாம் முடிந்து நெடுநாளைக்குப் பிறகு
லிங்கநகரில் என் வீட்டைத் தேடி வந்த பெடியன்
நாலாவது பாட்டை என் முன்னால் வாசித்தான்.
அதே வேகம். பற்றரியால் அல்ல,
விரலால்.
நீங்கள் அப்போது எப்படி அண்ணா, என்று கேட்டான்.
பிரேக் கம்பியைப் பற்றிச் சொன்னேன்.
மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை.

குகநேசனை ஏற்றிப் போன வாகனம்
எதுவென்று இன்றும் தெரியாது.
அவன் அம்மாவிடம் ஒருமுறை கசற்றைக் கொடுத்தேன்.
முதல் மூன்றையும் தலை குனிந்து கேட்டவ
நாலாவதில் நிமிர்ந்து
இது ஆற்ற பிள்ளை தம்பி, என்றா.

அன்றிலிருந்து இரவில் சிலவேளை
டெக்கின் மூடியைக் கழற்றிவிட்டு
சுற்றும் பல்லின் மேல் பெருவிரலை வைக்கிறேன்.
குரல் இறங்குகிறது. குளவி கிற்றாராகிறது.
கடலரசி ஒன்பது
என்று கிட்டத்தட்ட அவனே சொல்கிறான்.
இன்னும் கொஞ்சம் அமத்தினால்
வேறு யாரோ ஒரு கிழவன்.
சரியான அமத்தல் எதுவென்று
விரலுக்கு மறந்துபோயிற்று,
ஒவ்வொரு முறையும்
தேடவேண்டிக் கிடக்கிறது.