தடித்த கம்பி

இசைத்தட்டின் பின்னட்டையில்
பேஸ் கிட்டார்: ரைமோ கெட்டுலா,
ஓரெழுத்து குறைவாக.
திருத்தச் சொல்லவில்லை.
பதினோரு வருடம்
வேன் ஓட்டியதும் அவன்தான்.

ஊலு நகரில் ஓர் இரவு,
மூன்றாம் பாட்டின் நடுவே
அவனுடைய ஆம்ப் புகைந்து அணைந்தது.
பாடகன் சட்டென்று
தன் காலடியைப் பார்த்தான்,
மேடைப் பலகை பெயர்ந்துவிட்டதுபோல.
பிறகுதான் திரும்பி
இவனைப் பார்த்தான்.
அந்தப் பார்வைக்கு
ரைமோ இன்னும் பில் அனுப்பவில்லை.

இப்போது தம்பரே மருத்துவமனையில்
லிஃப்ட் மெக்கானிக்.
கதவில் உள்ளங்கை பதித்து
மோட்டாரின் முனகலைக் கேட்கிறான்.
"தடித்த கம்பிக்குக் கொஞ்சம் கீழே நிக்குது."
உடன் வந்த பையன்
எந்தக் கம்பி என்று
குழிக்குள் டார்ச் அடிக்கிறான்.

கால் சுற்று முடுக்கியதும்
ஏழாம் மாடியிலிருந்து
ஒரு கட்டில் இறங்குகிறது,
படுத்திருப்பவர்
தூக்கம் கலையாமல்.