உனக்குத்தானே?

நவம்பரில் மலைக்குப் பின்னால் போன வெயில்
இன்னும் எங்கள் ஊருக்குத் திரும்பவில்லை.
இசாஃபியோர்துரில் அதற்கென்று ஒரு நாள் உண்டு:
முதல் கதிர் சோல்காட்டா தெருவைத் தொட்டதும்
வீட்டுக்கு வீடு அப்பம் சுட்டுக் காப்பி குடிப்போம்.
இன்னும் பதினொரு நாள்.
அதுவரை வெயிலைப் புட்டியில் விற்பது நான்.

ஸ்டெய்னார் வந்தான்.
மீன் ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன்.
பூட்ஸ் பனியை உதறாமல் நேரே மேசைக்கு.
ஒரு கையில் வைட்டமின் டி,
மறுகையில் புரோபயாடிக் டப்பா.
"ரெண்டையும் ஒண்ணா முழுங்கலாமா?
உள்ளே போய் அடிச்சுக்காதே?"

சிரித்துவிட்டேன்.
அடித்துக்கொள்ளாது.
ஒன்று கொழுப்பில் கரைந்து ரத்தத்துக்குப் போகும்,
மற்றது குடலிலேயே குடியேறப் பார்க்கும்.
ஒரே பந்தியில் உட்காரலாம்.
கணக்கு மட்டும் பார்த்துக்கொள்.
காலையில் மீனெண்ணெய் ஒரு கரண்டி குடிக்கிறாய் அல்லவா,
அதிலும் டி இருக்கிறது.
வெயில்கூட மிஞ்சியதைத் தோலோடு அழித்துவிடும்;
மாத்திரைக்கு அந்த நாசூக்கு கிடையாது.

தலையாட்டினான். அட்டையைச் செருகினான்.
இயந்திரம் யோசித்தது.
அந்த இடைவெளியில், வழக்கமாகக் கேட்பதுதான், கேட்டேன்:
உனக்குத்தானே?

"தம்பிக்கு.
ஓர்வாருக்கு.
மூணாவது கீமோ முடிஞ்சு ரெய்க்யாவிக்கிலேருந்து வந்திருக்கான்.
வயிறு ஒண்ணையும் தாங்கல."

இயந்திரம் கீச்சிட்டது. பணம் போய்விட்டது.

டப்பாவின் மேல் கையை வைத்தேன்.
ஆயிரம் கோடி உயிர்கள் என்று அச்சிட்டிருக்கிறது.
சற்று முன்புவரை எனக்கு அது விளம்பரம்.
இப்போது, காவல் கலைந்த ஊருக்குள்
ஆயிரம் கோடிப் பேர்.
நல்லவர்கள்தான்.
ஆனால் கதவே இல்லாத வீட்டில்
நல்லவர்கள் எந்த அறைவரை போவார்கள் என்று
யாருக்குத் தெரியும்.

"அவனுக்கு இது இப்போது வேண்டாம்.
டியையும் அவன் மருத்துவரைக் கேட்டுவிட்டே கொடு."
"தயிர்?"
"அதையும் கேள்."
தொலைபேசி எண்ணை ரசீதின் முதுகில் எழுதினேன்.
ஏழா ஒன்றா என்று தெரியாமல் போனது,
மறுபடி எழுதினேன்.

பணத்தைத் திருப்பிப் போட்டேன்.
அவன் போகவில்லை.
கதவைப் பாதி திறந்து குளிரை உள்ளே விட்டபடி
கேட்டான்:
"இருபத்தஞ்சாம் தேதி அப்பம்?
அதைத்தான் கேட்டுட்டே இருக்கான்."

எந்த லேபிளிலும் இல்லாத கேள்வி.
"கல்லிலிருந்து நேரே தட்டுக்கு," என்றேன்.
"சர்க்கரை தூவிக் கொடு.
ஜன்னல் பக்கம் உட்கார வை."